தட்டத்தில் வைத்த இரும்புச் சிலுவை

தெரிந்த விஷயத்தில் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருக்கும். தெரியாத விஷயத்தில் மட்டும் மலை மாதிரி உறுதியாக நிற்பேன். இந்தக் குணத்தால் நான் பட்ட அவமானங்கள் கொஞ்சநஞ்சமல்ல. அவற்றில் முதல் பரிசு, ஹனோவரில் என் மாமனார் வீட்டு வரவேற்பறையில் நான் நின்ற ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரத்துக்குத்தான். (அப்போது அவர் மாமனார் ஆகவில்லை. ஆவாரா என்பதுதான் கேள்வியே.)

நான் ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரத்தில் பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள். உலோகங்களைப் பற்றிய பொறியியலை ஆஹென் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, அங்கே கட்டடக்கலை படித்த லேனாவைச் சந்தித்தேன். கொஞ்சக் காலத்தில் கலியாணம் செய்வது என்று இருவரும் முடிவெடுத்துவிட்டோம். என் அம்மாவுக்கு லேனாவைப் பிடிக்கும். வெள்ளைக்காரப் பிள்ளை என்று ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் ஒரே ஒரு நிபந்தனை வைத்தா.

"பெட்டையின்ர தேப்பன் தன்ர வாயாலை ஓம் எண்டு சொல்லவேணும். இல்லாட்டி நாங்கள் கொண்டுபோற தட்டத்தை ரெண்டு கையாலையும் வாங்கவேணும். ரெண்டிலை ஒண்டு நடக்காமல் நான் மண்டபம் பாக்க வரமாட்டன்."

வெற்றிலை, பாக்கு, பழம் வைத்த தட்டத்தைப் பெண்ணின் தகப்பன் கையால் வாங்கினால் சம்மதம் என்று அர்த்தம். எங்கள் வீட்டில் அது பத்திரத்தில் கையெழுத்து வைத்த மாதிரி. இதை நான் லேனாவுக்குச் சொன்னபோது, "நான் என்ன அவருடைய காரா, அவரிடம் கேட்டு வாங்குவதற்கு?" என்றாள். பிறகு அம்மாவுக்காகச் சரி என்றாள். தன் அப்பாவிடம் இதைப் பற்றி முன்கூட்டியே எதுவும் சொல்லவேண்டாம் என்றும் சொன்னாள். சொன்னால் அவர் அதற்கு எங்கே சட்டத்தில் இடமிருக்கிறது என்று தேடத் தொடங்கிவிடுவாராம்.

லேனாவின் அப்பா ஹெர் வீகண்ட் (ஹெர் என்றால் திரு), நில அளவைத் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவருடைய நாக்கு மூன்று விஷயங்களுக்குத்தான் அசையும்: வணக்கம், வானிலை, பழைய ராணுவப் பதக்கங்கள். அவருடைய அறையில் ஒரு கண்ணாடி அலுமாரி. அதற்குள்ளே ஜெர்மன் சக்கரவர்த்தி கைசர் காலத்துப் பதக்கங்கள், ஒவ்வொன்றும் கறுத்துப்போய், தூசி படிந்து. நான் முதல் தடவை போனபோது அவற்றில் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "எந்தக் காலத்தது என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

அது ஒரு இரும்புச் சிலுவை. நான் பார்த்த பக்கத்தில் ஓக் இலைகளும், கீழே 1813 என்ற இலக்கமும் இருந்தன. எனக்கு இதைவிடச் சுலபமான கேள்வியை வாழ்க்கையில் யாரும் கேட்டதில்லை. "இருநூறு வருடம் பழையது" என்றேன், சிறிய நடுக்கம்கூட இல்லாமல்.

அவர் என் உள்ளங்கையிலேயே அதைத் திருப்பி வைத்தார். மறுபக்கத்தில் ஒரு முடியும், W என்ற எழுத்தும், 1914 என்ற இலக்கமும் இருந்தன. 1813 என்பது இந்தச் சிலுவையை முதன்முதலில் உருவாக்கிய ஆண்டாம். பிறகு செய்தவற்றிலும் அதை மரியாதைக்காகப் பொறிப்பார்களாம். புதிதாக வருகிற ஒவ்வொருவனும் இதே பிழையைத்தான் விடுவான் என்று லேனா என்னைப் பிறகு ஆறுதல்படுத்தினாள். அது ஆறுதலாக இருக்கவில்லை.

அன்றைக்கு ரயிலில் திரும்பும்போதே முடிவெடுத்துவிட்டேன். இந்த மனிதர் மகளைத் தருகிறாரோ இல்லையோ, பதக்க விஷயத்தில் இனி என்னை யாரும் மடக்க முடியாது. (மகள் வேண்டும் என்பதை அந்த வேகத்தில் கொஞ்சம் மறந்தே போனேன்.)

அடுத்த மாதங்களில் லேனா என்னோடு படம் பார்க்க வரவில்லை. பழைய சாமான் சந்தைக்குத்தான் வந்தாள். என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு காந்தமும் ஒரு பூதக்கண்ணாடியும் இருக்கும். அசல் சிலுவைக்கு நடுவில் இருப்பது இரும்பு, சுற்றிவர இருப்பது வெள்ளிச் சட்டம் என்பதைப் படித்திருந்தேன். காந்தத்தை வைத்தால் நடுப்பாகம் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் வார்ப்புப் போலி. கடைக்காரர்கள் என்னைத் தூரத்தில் கண்டாலே தகரப் பெட்டியை மூடினார்கள்.

இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு கலை இருந்தது: செய்தவரின் குறி. சிலுவையின் தலையில் நாடா கோர்க்க ஒரு சின்ன வளையம் உண்டு. செய்த பட்டறைக்காரர் தன் அடையாளத்தை அந்த வளையத்தில் கடுகளவில் குத்தியிருப்பார். முதல் உலகப் போர் நடந்த காலத்தில் செய்தவற்றில் பெரும்பாலும் எழுத்துகள் இருக்கும். பிற்காலத்தில் கடையில் வாங்கக்கூடியதாகச் செய்தவற்றில் பெரும்பாலும் இலக்கங்கள் இருக்கும். பல வளையங்களில் குறியே இருக்காது. குறியைப் படித்தால் காலத்தையும் சொல்லலாம், பட்டறையையும் சொல்லலாம். இதை நான் பஸ்ஸிலும், வகுப்பிலும், ஒரு தடவை பல் வைத்தியரின் கதிரையில் வாயைத் திறந்தபடியும் விளக்கியிருக்கிறேன்.

இரண்டாம் தடவை போனபோது ஹெர் வீகண்டோடு குறிகளைப் பற்றி ஒரு முழுப் பின்னேரமும் பேசினேன். அவர் என்னைப் பார்த்த பார்வை மாறியது. எழுந்து போய், அன்று எனக்குக் காட்டிய அதே சிலுவையை எடுத்து வந்தார். அது அவருடைய அப்பப்பாவினுடையதாம். குடும்பத்தில் அதைப் பற்றி ஒரு பழைய சண்டை இருந்தது. அவருடைய பெரியப்பாவின் மகன் யூர்கன், அது போரில் கொடுத்ததே இல்லை, மதுச்சாலையில் பெருமையடிக்கப் பிற்காலத்தில் கடையில் வாங்கியது என்று ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் சொல்வாராம். வளையத்தின் குறியைப் படித்தால் விஷயம் முடிந்துவிடும். ஆனால் அதன்மேல் கறை படிந்து கிடந்தது. ஹெர் வீகண்ட் இத்தனை காலமும் படிக்கவில்லை. கண் தெரியாது என்றார்.

"உங்கள் ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கி இருக்கிறதுதானே. வளையத்தைப் பாருங்கள். பார்க்க மட்டும்தான்" என்று சொல்லி, அதை ஒரு சின்னப் பெட்டியில் வைத்துத் தந்தார்.

பார்க்க மட்டும். இன்றைக்கும் என் காதில் கேட்கிறது. ஆனால் இங்கேதான் என் படிப்பு எனக்குக் குழி வெட்டியது. எங்கள் துறையில் உலோகத்தைப் பார்ப்பது என்றால் சும்மா பார்ப்பது இல்லை. முதலில் அரத்தாளால் தேய்க்க வேண்டும். பிறகு அதைவிட நைசான தாளால். பிறகு வைரத்தூள் பசை போட்டு முகம் தெரியும்வரை மினுக்க வேண்டும். பிறகு கொஞ்சம் அமிலம். அதற்குப் பிறகுதான் நுண்ணோக்கி. மினுக்காத உலோகத்தை நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் எங்கள் பேராசிரியர் கூட்டாமல் கோலம் போட்டவனைப் பார்ப்பது மாதிரிப் பார்ப்பார்.

மினுக்கினேன். முதலில் கறைக்குள்ளே ஏதோ கோடுகள் மங்கலாகத் தெரிந்தன. கீறல் என்று முடிவு செய்தேன். இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். கீறல் மறைந்தது, வளையம் கண்ணாடியானது. நுண்ணோக்கியில் பார்த்தபோது வெள்ளியின் படிகங்கள் தேன்கூட்டு அறைகள் மாதிரி அவ்வளவு அழகாகத் தெரிந்தன. குறி மட்டும் இல்லை. எனக்குக் கொஞ்சமும் பதற்றம் வரவில்லை. குறியில்லாத வளையம். அதிலும் போர்க்காலத்து அசல்கள் உண்டு. யூர்கனை வாயடைக்க வைக்கும் ஒரு சிறிய சொற்பொழிவைத் தயாரித்துக்கொண்டேன்.

அந்த வார இறுதியில் பெட்டியோடு டோர்ட்மண்டுக்குப் போனேன். மறுநாள் அப்பா, அம்மாவோடு ஹனோவருக்குப் பெண் கேட்டுப் போவதாக ஏற்பாடு. அம்மா பெட்டியைத் திறந்து பார்த்தா. வளையம் மட்டும் மின்னியது. மிச்சமெல்லாம் அடுப்புக்கரி.

"என்ன தம்பி இது? மூக்குத்தியை மட்டும் மினுக்கிப்போட்டு முகம் கழுவாத மாதிரிக் கிடக்கு."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அத்தோடு அம்மாவுக்கு இன்னொரு நியாயமும் இருந்தது. சம்மந்தி வீட்டுச் சாமானை வெறுங்கையில் திருப்பிக் கொடுக்க முடியாது, தட்டத்தில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். தட்டத்தில் வைக்கிற சாமானோ அழுக்காக இருக்கக்கூடாது. குத்துவிளக்கை எதனால் மினுக்குவோம்? பழப்புளியால். அம்மா அனுபவத்தில் சொன்னதை நான் விஞ்ஞானத்தில் ஆமோதித்தேன். புளியில் இருப்பது மென்மையான அமிலம், கறையை மட்டும்தான் தின்னும், உலோகத்தைத் தொடாது என்று விளக்கம் வேறு கொடுத்தேன். இரண்டு அறிவும் ஒன்றாகச் சேர்ந்த பிறகு அந்தச் சிலுவைக்குத் தப்ப வழியே இருக்கவில்லை.

அப்பா வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்டார். "அந்த மனுசன் கழுவித் தரச் சொல்லிக் கேட்டவரோ?" அன்றைக்கு எங்கள் வீட்டில் பேசப்பட்ட ஒரே புத்தியுள்ள வசனம் அதுதான். நாங்கள் இருவரும் அவரைக் கடைக்கு வெற்றிலை வாங்க அனுப்பினோம்.

புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காய்த் தும்பால் தேய்த்தோம். வெள்ளிச் சட்டம் பளபளவென்று வந்தது. நடுவில் இருந்த கறுப்பும் வந்தது. (வந்தது என்றால் கையோடு வந்தது. அது அழுக்கு இல்லை, பட்டறைக்காரர் பூசிய கறுப்பு மெருகு என்பது எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் எப்படி மறந்தேன் என்று கேட்காதீர்கள்.) கழுவித் துடைத்து வைத்துவிட்டுச் சாப்பிட்டு வந்து பார்த்தால், இரும்பில் செம்மண் நிறத்தில் துரு எட்டிப் பார்த்தது. அம்மா அதற்குத் தேங்காய் எண்ணெய் பூசினா.

கடைசியாக நாடா. கறுப்பும் வெள்ளையுமான பழைய நாடா. அம்மா அதைப் பார்த்ததும் தீர்மானமாகத் தலையை ஆட்டினா. "நல்ல காரியத்துக்குப் போற தட்டத்திலை கறுப்பு வைக்கேலாது." பழைய நாடாவைப் பக்குவமாக மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, சேலையொன்றின் மிச்சத் துண்டிலிருந்து சிவப்புப் பட்டில் ஒரு நாடா வெட்டிக் கட்டினா. வெற்றிலைக்கு மேலே வைத்து, நடுவில் ஒரு சந்தனப் பொட்டும் வைத்தா. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அது மிகவும் அழகாகத் தெரிந்தது.

ஹனோவரில் கதவைத் திறந்தது லேனா. அம்மா காஞ்சிபுரம் சேலையில், அப்பா கழுத்துப் பட்டியில், அப்பாவின் கையில் வெள்ளித் தட்டம். மேலே ஒரு துணி மூடியிருந்ததால் லேனாவுக்கு உள்ளே இருப்பது தெரியவில்லை. அவளுடைய அம்மா உர்சுலா ஆப்பிள் கேக் செய்து வைத்திருந்தார். ஹெர் வீகண்ட் எல்லோருக்கும் கை கொடுத்தார். வணக்கம் சொன்னார். மழை வரலாம் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "பார்த்தீர்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த பயத்தை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை.

"பார்த்தேன். அப்பா கையில் இருக்கிறது" என்றேன்.

அப்பா துணியை எடுத்துவிட்டுத் தட்டத்தை நீட்டினார்.

ஹெர் வீகண்டின் முகம் வெள்ளையாகத்தான் இருந்தது, அதற்குமேல் எப்படி வெளுக்கும் என்று கேட்பீர்கள். வெளுத்தது. வாழைப்பழத்துக்கும் தேங்காய்க்கும் நடுவில் அவருடைய அப்பப்பாவின் சிலுவை, புதுக் கரண்டி மாதிரி மின்னிக்கொண்டு, சிவப்புப் பட்டும் சந்தனப் பொட்டுமாகக் கிடந்தது. அவர் இரண்டு கையாலும் தட்டத்தைப் பறித்த மாதிரி வாங்கினார். யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டு ஓடினார்.

எனக்குப் பக்கத்தில் அம்மா மூச்சை இழுத்துவிட்டா. "வாங்கீட்டார்" என்றா. "ரெண்டு கையாலையும் வாங்கீட்டார், பாத்தனியே?" அவவுக்குக் கண் கலங்கிவிட்டது. நேரே போய் உர்சுலாவைக் கட்டிப்பிடித்தா. உர்சுலாவுக்கு எதற்கு என்று விளங்கவில்லை, ஆனால் நல்ல மனுசி, திருப்பிக் கட்டிப்பிடித்தார்.

ஆக, வரவேற்பறையின் ஒரு பக்கத்தில் கலியாணம் நிச்சயமாகிவிட்டது. மறுபக்கத்தில் இழவு வீடு. நடுவில் நான்.

ஹெர் வீகண்ட் பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கியபடி, தட்டத்தை ஒரு கையால் நெஞ்சோடு அணைத்தபடி, வளையத்தை மற்றக் கையால் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் போய் என் சொற்பொழிவைத் தொடங்கினேன். குறியில்லாத வளையம், போர்க்காலத்திலும் அப்படி உண்டு என்று. (வேறு யாராவது என்றால் ஓடியிருப்பார்கள். நான் உறுதியானவன்.)

"குறி இருந்தது" என்றார் அவர். "நான் சின்னப் பையனாக இருந்தபோது விரல் நகத்தால் தடவிப் பார்த்திருக்கிறேன். இருந்தது."

அந்தக் கணத்தில்தான் எனக்கு அந்த மங்கலான கோடுகள் ஞாபகம் வந்தன. நான் கீறல் என்று முடிவு கட்டித் தேய்த்த கோடுகள். என் வயிற்றில் புளி கரைந்தது. (அன்றைக்கு எங்கும் புளிதான்.) மினுக்கியதைச் சொன்னேன். அரத்தாளைச் சொன்னேன். வைரப் பசையைச் சொன்னேன். புளியைச் சொல்ல ஜெர்மன் மொழியில் சொல் வரவில்லை, லேனா எடுத்துக் கொடுத்தாள். அவள் கையால் முகத்தை மூடியிருந்தாள்.

வளையத்தில் ஒரேயொரு நேர்கோடு மிஞ்சியிருந்தது. எழுத்தொன்றின் காலாகவும் இருக்கலாம். இலக்கம் ஒன்றாகவும் இருக்கலாம். இனி உலகத்தில் எந்த நுண்ணோக்கியாலும் சொல்ல முடியாது.

ஹெர் வீகண்ட் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "உங்கள் அம்மா ஏன் அழுகிறார்?" என்று கேட்டார்.

"நீங்கள் லேனாவை எனக்குத் தரச் சம்மதித்துவிட்டதாக நினைக்கிறார்."

"நான் எப்போது சம்மதித்தேன்?"

"இப்போதுதான். அந்தத் தட்டத்தை வாங்கினீர்களே."

அவர் தன் நெஞ்சில் அணைத்திருந்த தட்டத்தைக் குனிந்து பார்த்தார். மெதுவாக அதை அப்பாவிடம் திருப்பி நீட்டினார். அப்பா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். சாமானோடு அப்படியே திருப்பி வாங்கினால் சம்மந்தம் முறிந்தது என்று அர்த்தம். நான் வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். அம்மாவிடம் போய் நடந்ததைத் தமிழில் சொன்னேன். குறியை நான் அழித்துவிட்டதையும், அதனால் சிலுவை போரில் கொடுத்ததா கடையில் வாங்கியதா என்று இனி யாருக்கும் தெரியாது என்பதையும்.

அம்மா கண்ணைத் துடைத்தா. "அவரிட்டை ஒண்டு கேள் தம்பி. அந்த அப்பப்பா சண்டையிலையிருந்து உயிரோடை திரும்பி வந்தவரோ?"

கேட்டேன். வந்தார் என்றார் ஹெர் வீகண்ட். ஒரு காது கேட்காமல் போனது, மற்றபடி முழுசாக வந்தார், அதற்குப் பிறகுதான் தன் அப்பாவே பிறந்தார் என்றார்.

"என்ர அண்ணை வரேல்லை" என்றா அம்மா. "அவருக்குப் பதக்கமும் இல்லை, ஒண்டும் இல்லை. உங்கடை ஆள் வந்திட்டாரெல்லோ. வந்தபடியாத்தானே இந்தப் பிள்ளை இருக்கு. பிறகேன் உந்த வளையத்தைப் போட்டு ஆராயிறியள்?"

என் தாய்மாமாவைப் பற்றி அம்மா வேற்றாட்கள் முன்னால் பேசி நான் கேட்டதில்லை. அப்பா கீழே பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். ஹெர் வீகண்ட் தட்டத்தோடு அப்படியே கதிரையில் உட்கார்ந்தார். லேனாவைப் பார்த்தார். பிறகு சிலுவையைப் பார்த்தார். அவருடைய தோள்கள் குலுங்கத் தொடங்கின. அழுகிறார் என்று நினைத்து உர்சுலா ஓடினார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"யூர்கனால் இனி எதையும் நிரூபிக்க முடியாது" என்றார். "பைத்தியம் பிடிக்கப் போகிறது அவனுக்கு."

அவருக்குக் கண்ணில் ஒரு குறையும் இருக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. குறி என்ன சொல்லுமோ என்ற பயத்தில்தான் அவர் இத்தனை காலமும் அதைப் படிக்காமல் விட்டிருந்தார். என்னிடம் தந்ததும் தானாகப் பார்க்கத் தைரியம் இல்லாமல்தான். லேனாவிடம் திரும்பி, "நீ இவனை ஏற்கெனவே தீர்மானித்துவிட்டாயா?" என்று கேட்டார். போன வருடமே என்றாள் லேனா. அப்படியென்றால் தட்டத்தை வைத்துக்கொள்கிறேன் என்றார். சாமானை எடுத்துக்கொண்டு, தட்டத்தை வேறு எதையாவது நிரப்பித்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நான் சொன்னதும், உர்சுலா அதில் ஆப்பிள் கேக்கை நிரப்பி அம்மாவிடம் கொடுத்தார். அம்மா ஒரு மாதத்துக்கு டோர்ட்மண்ட் முழுக்க அந்தக் கேக்கின் கதையைச் சொன்னா.

கலியாணத்துக்கு யூர்கன் வந்திருந்தார். பட்டறைக்காரன் மாதிரிக் கண்ணில் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அந்த ஒற்றைக் கோட்டை அரை மணித்தியாலம் ஆராய்ந்தார். இப்போது எனக்கு மாமாவாகிவிட்ட ஹெர் வீகண்ட் பக்கத்தில் நின்று மிகவும் மரியாதையாக விளக்கைப் பிடித்துக்கொடுத்தார். சிலுவை இன்றைக்கும் அதே கண்ணாடி அலுமாரியில் இருக்கிறது, கறுத்துப்போன கூட்டத்துக்கு நடுவில் தனியாகப் பளபளத்துக்கொண்டு, சிவப்புப் பட்டு நாடாவோடு. வருகிற எல்லோரும் முதலில் அதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பதக்கங்களைத் தூசு தட்டும் நாளில் மாத்திரம் என்னை அந்த அறைக்குள் விடுவதில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எதைத் தட்டில் வைத்து நீட்டினாலும் மாமா உடனே வாங்கமாட்டார். காப்பியாக இருந்தாலும், பிறந்தநாள் கேக்காக இருந்தாலும், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். (அதை அப்பாவிடம் பழகியவர்.) பிறகு அம்மாவைப் பார்த்து, "இதை வாங்கினால் நான் எதற்குச் சம்மதித்த மாதிரி?" என்று கேட்பார். நான் மொழிபெயர்ப்பேன். அம்மாவின் பதில் மாறுவதே இல்லை.

"முதல் வாங்கச் சொல்லு. பிறகு சொல்லுறன்."